மண்ணை மிதிக்காதவர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலது தோளில் ஒரு பழைய துண்டு, வெயிலில் கறுத்து மெலிந்த முதுகு, கீழே செருப்பில்லாத இரண்டு கால்கள். அந்தக் கால்கள் அவசரமில்லாமல், இடம் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். அவை எடுத்த இடத்தில் என் கால்களை வைத்து நான் போவேன். கொல்லிமலையில் வேலை பார்த்த வருடங்களில் அவருடைய தோட்டத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கடைசி முறையைத் தவிர, ஒரு தடவைகூட அவருக்கு முன்னால் நடந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. வேளாண்மைப் படிப்பை முடித்துவிட்டு செம்மேட்டில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் சேர்ந்திருந்தேன். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விவசாயம் செய்கிறவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்களுடைய மிளகுக்கும் காப்பிக்கும் இயற்கை விளைபொருள் என்று சான்றிதழ் வாங்கித் தருவது அமைப்பின் வேலை. தோட்டம் தோட்டமாகப் போய்ச் சோதிப்பது என் வேலை. எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் காட்டில் மருந்து அடிக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். வீட்டுக்குள் மருந்து டப்பா எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

மலையின் ஊர்ப்பகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில், பஸ் திரும்புகிற இடத்திலிருந்து சரிவில் இறங்கினால் அவருடைய தோட்டம். சின்னதுதான். மேலே வீடு. வீட்டை ஒட்டிப் பெரிய மொட்டைப் பாறை ஒன்று. சாமை காய்வதும் மிளகு உலர்வதும் அந்தப் பாறையின் மேல்தான். அதற்குக் கீழே கல்வரப்பு கட்டிய அடுக்குகள்: சாமை, கேழ்வரகு, மரவள்ளி. ஓரங்களில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பி, நாலைந்து பலா, ஒரு கமலா ஆரஞ்சு மரம். எல்லாவற்றுக்கும் கீழே ஓடை. ஓடைக்கு அப்பால் காடு.

முதல் முறை போனபோது வழக்கம்போல வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எம்பட காலு வெச்ச எடத்துலயே வெச்சு வாங்க அம்மிணி."

காரணம் கேட்டேன். மண் மிதிபடக் கூடாது என்றார். மிதிபட்டால் இறுகிப்போகும், இறுகினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிவிடும் என்றார். படித்த பாடத்தை ஒருவர் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. அவருடைய மண்ணும் அப்படித்தான் இருந்தது. இலைதழை மூடாக்கை விலக்கி விரலை அழுத்தினால், இரண்டாவது கணு வரைக்கும் இறங்கியது. அன்று அலுவலகத்துக்குத் திரும்பியதும் மண் பராமரிப்புக்கு நேராக 'மிக நன்று' என்று எழுதினேன்.

முன்னால் போகிற அந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை. மனைவியோடு செம்மேட்டுச் சந்தைக்கு வந்தாலும் அவர்தான் முன்னால். ஓடையைத் தாண்டும்போது முதலில் தான் மட்டும் தாண்டுவார். ஒவ்வொரு கல்லின் மேலும் நின்று ஆட்டிப் பார்த்துவிட்டு, அக்கரையில் நின்று எங்களைக் கூப்பிடுவார். ஒருமுறை கையெழுத்துப் போட எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் எதிர்ப்பட்டோம். சிமெண்டுத் தரையில் எனக்கு முன்னால் நடந்து, எந்த அறை என்று தெரியாமல் இரண்டு அறைகளுக்குள் தலையை நீட்டிப் பார்த்து, கடைசியில் என் மேஜையை எனக்கே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பிப் போகும்போதும் அவர்தான் முன்னால் போனார்.

அவர் மனைவிக்கு வாய் ஓயாது. கணவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கணவர் இப்படித்தானாம், மற்ற பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திவிட்டுப் புதருக்குள் முதலில் நுழைவாராம், மாமியார் சொன்னதாகச் சொல்வார்.

"இவரு முன்னால போவாத எடம் எம்பட அடுப்படி ஒன்னுதான் அம்மிணி. அங்க மட்டும் நான் போயி பாத்து, ஆக்கி, எறக்கி வெச்சு, கூப்பிட்டாத்தான் வருவாரு."

இப்படிச் சிரித்துக்கொண்டே பழகிய வீட்டில், சில விஷயங்கள் கொஞ்சம் கொஞ்சமாக என் கண்ணில் பட்டன.

அந்த மலையில் நாய் இல்லாத தோட்டவீடு கிடையாது. அவர் வீட்டில் நாய் இல்லை. கேட்டதற்கு, "நாய் நமக்கு ஆவறதில்லீங்க" என்றார். நாய் மட்டுமல்ல, அந்தத் தோட்டத்தில் எதுவுமே அவிழ்ந்து திரியவில்லை. கோழிகள் கூடைக்குள். ஆடுகள் கட்டுத்தறியில். காலையில் அவர் ஓடை வரைக்கும் ஒரு தடவை தனியாகப் போய்விட்டு வருவார். அவர் திரும்பி வந்து துண்டை உதறிய பிறகுதான் மனைவி கூடையைத் திறப்பார், ஆடுகளை அவிழ்ப்பார்.

வீட்டுக்குள் கூரை வளைக்குக் கீழே, யாருக்கும் எட்டாத உயரத்தில், ஒரு தகர டப்பா கயிற்றில் தொங்கியது. மருந்து டப்பாவோ என்று கேட்டேன். கருவாடு என்றார். கருவாட்டு வாசனைதான் வந்தது. பூனைக்குப் பயந்து அவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுப்பன்றிகள் அந்த வருடம் மரவள்ளிக் காடுகளைக் கிளறிப் போட்டன. சிலர் குருணை மருந்தைப் பொட்டலம் கட்டி வேலியில் தொங்கவிட்டார்கள், அந்த நாற்றத்துக்குப் பன்றி வராது என்று. அதைக் கட்டலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். இயற்கைச் சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டக்கூடாது என்றேன். "அப்பச் சரிங்க" என்றார், அவ்வளவுதான். பிறகு போனபோது சுற்றிலும் எல்லாக் காடும் உழுத மாதிரிக் கிடக்க, அவர் மரவள்ளி மட்டும் தலை நிமிர்ந்து நின்றது. எப்படி என்று கேட்டேன். சாமி பார்த்துக்கொள்கிறது என்றார்.

ஒரு காலை, செம்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். நான் பாறைக்கு வந்தபோது ஓர் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கீழே மரவள்ளிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் மனைவியும் பாறை விளிம்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடவில்லை. விரட்டவில்லை. எப்போதும் பேசுகிற அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடியிருந்தார். குட்டி இரண்டு செடியைக் கடித்து, ஒரு துள்ளுத் துள்ளி, தானாகத் திரும்பி வந்தது. அவர் மனைவி அதைத் தூக்கி மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டார். ஓர் ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவா என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பின்னால் நடக்கும்போது என் கால்கள் தாமாகவே அவர் காலடியைத் தேடித் தேடி விழுந்தன. எதற்கென்று தெரியாமலே பயந்தேன்.

எதற்கென்று தெரிந்தது, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்து விவசாயிகள் தோட்டம் பார்க்க வந்த நாளில்.

அடிவாரத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள். மருந்து அடித்து அடித்து அலுத்துப்போய், மருந்தில்லாமல் விளைகிற தோட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். எந்தத் தோட்டம் என்று பேச்சு வந்தபோது, அவருடைய மண்ணை நினைத்து நான்தான் அவர் தோட்டத்தைச் சொன்னேன். ஒரு பஸ் நிறைய ஆட்கள். வெயில் ஏறிய பிறகு வருவதாகப் பேச்சு.

ஏற்பாடுகளைப் பார்க்க நான் முதல் பஸ்ஸிலேயே போனேன். பஸ் திரும்புகிற இடத்தில் அவர் நின்றிருந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்து காத்திருந்ததில்லை. அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஒன்னு காணமுங்க அம்மிணி."

"என்ன காணோங்கண்ணா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "காய்ங்க. பன்னிக்கு வெக்கிற காயி."

அவுட்டுக்காய் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். எலுமிச்சை அளவில் இருக்கும் நாட்டு வெடி. தீனி வாசனை தடவிப் பன்றி வரும் தடத்தில் போடுவார்கள். கடித்தால் வெடிக்கும். மிதித்தாலும் வெடிக்கும். வைப்பது சட்டப்படி குற்றம்.

ரோட்டோரத்தில் நின்று மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சாயங்காலம் ஆடுகளைக் கட்டிய பிறகு ஓடையோரமாக அவற்றை வைப்பார். காலையில் யாரும் இறங்குவதற்கு முன்னால் போய் எடுத்துவந்து டப்பாவில் போட்டுக் கட்டிவிடுவார். அன்று எடுக்கப் போனால் ஒன்று குறைந்தது. ராத்திரி சத்தம் எதுவும் கேட்கவில்லை. பன்றி கடித்திருந்தால் மலையே கேட்டிருக்கும். அப்படியானால் கீரியோ, மரநாயோ, எலியோ வாசனைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிடிக்காமல் போட்டுவிட்டிருக்கிறது.

"எங்க போட்டிருக்கும்?"

"எங்க வேணுமின்னாலும்ங்க."

நாய் இல்லாதது, கூடைக்குள் கோழி, கூரையில் டப்பா, வாயை மூடிய முந்தானை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்தத் தோட்டத்தில் நான் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் காலுக்கடியில் திரும்ப வந்தது. ரோட்டில்தான் நின்றிருந்தேன், தார் ரோடு. அதிலிருந்துகூடக் காலைத் தூக்க மனம் வரவில்லை.

வருகிறவர்களை ரோட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள தடத்தை விடிந்ததும் விளக்குமாறு போட்டுக் கூட்டி, தானே பத்துத் தடவை நடந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். சமையலை நிறுத்தச் சொல்ல அந்தத் தடத்தில் அவர் பின்னாலேயே இறங்கினேன். அவர் மனைவி அண்டாவில் சோறு வைத்திருந்தார். அவரிடம் முடிவைச் சொல்லிவிட்டு நான் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் மேலே பேச்சுக் குரல்கள் கேட்டன. சீக்கிரமே வந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூட்டிய தடத்தில் இறங்கி வந்து பாறையின் மேல் நின்றார்கள். பஸ் அவர்களை இறக்கிவிட்டுச் செம்மேட்டுக்குப் போய்விட்டது. மத்தியானம்தான் திரும்பி வரும்.

திருப்பி ரோட்டுக்கு அனுப்பினால் நிழல் தேடி நாலு பக்கமும் கலைவார்கள். பாறையின் மேல் மண் கிடையாது, புல் கிடையாது. எல்லோரும் என் கண் முன்னால் இருப்பார்கள். பாறைதான் சரி என்று பட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரிடம் மட்டும் கிசுகிசுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"சொன்னீங்கன்னா உக்காந்திருக்க மாட்டாங்க அம்மிணி. தேடித் தாரோம்னு எறங்குவாங்க."

வந்திருந்த ஆண்களைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்போதே பாறை விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது சரிதான்.

வந்தவர்களிடம் அவர் கைகூப்பினார். தோட்டத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம், மண் மிதிபடக் கூடாது, எல்லாவற்றையும் இங்கேயே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். எனக்குச் சொன்ன அதே காரணம், அதே குரல்.

"ஏனுங்க, தோட்டம் பாக்கலாம்னு கூட்டியாந்து பாறையில காயப் போட்டுட்டீங்களே" என்றார் ஒருவர்.

"மொளகு காயுதில்ல? நாமளும் காஞ்சாத்தான் நல்ல வெலைக்குப் போவோம்" என்றார் இன்னொருவர்.

நான் பேச ஆரம்பித்தேன். மண்புழு உரம், பஞ்சகவ்யம், மூடாக்கு, ஊடுபயிர் எல்லாம் பேசினேன். தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகும் பேசினேன். என் கண்கள் அவர்களுடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர்கள் கேட்கக் கேட்க அவர் கீழே போய்க் கொண்டுவந்தார். மண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இறங்கிப் போய் முறத்தில் அள்ளி வந்தார். மரவள்ளிக் கிழங்கு எந்தப் பருமன் என்றார்கள். போய் ஒரு தூரைப் பிடுங்கி வந்தார். மிளகுக்கொடி எந்த ரகம், காப்பிச் செடிக்கு நோய் உண்டா, ஓடைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வருவதில் அவர்களுக்கு ஒரு குஷி வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை அவர் கால் பாறையை விட்டு மண்ணில் இறங்கும்போதும், அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் பாறையில் ஏறிய பிறகுதான் கரண்டி மறுபடி அசைந்தது. போதும் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அந்தப் பலாவுல ஒரு எல பறிச்சு வாங்களேன்" என்று ஒருவர் சொன்னபோது அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

கூட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இருந்தார். காதில் கல் தோடு, கையில் மஞ்சள் பை. நாலு ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறவர். வந்ததிலிருந்து அவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

"நானும் பொறந்ததுல இருந்து மண்ண மிதிக்கறேன். மிதிச்சா செத்தா போயிரும்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் கமலா ஆரஞ்சு மரத்தைப் பார்த்தார். முதல் அடுக்கிலேயே நின்றது அது, பழுத்து. நான் யாருக்கோ பதில் சொல்லத் திரும்பியிருந்தேன். மறுபடி பார்க்கும்போது அந்த அம்மாள் பாறையை விட்டு இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமைத் தாளுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

நான் கூப்பிட்டேனா என்று நினைவில்லை. தோட்டத்துக்காரர் ஓடியது நினைவிருக்கிறது. அப்போது அவர் கீழடுக்கில் ஓடைத் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். செம்பைப் போட்டுவிட்டு, வரப்பு பார்க்காமல், பாத்தி பார்க்காமல், அத்தனை வருடம் காப்பாற்றிய மண்ணைத் துவைத்துக்கொண்டு குறுக்கே ஓடினார். அந்த அம்மாளுக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றார். மூச்சு வாங்கியது. ஒரு பழத்தைப் பறித்து அந்த அம்மாள் கையில் கொடுத்தார். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"எம்பட காலு வெச்ச எடத்துலயே வெச்சு வாங்க தாயி."

ஒவ்வொரு அடியாக வந்தார்கள். அவர் காலை ஊன்றுவார், முழு பாரத்தையும் அதில் போட்டு நிற்பார், எடுப்பார். அந்த இடத்தில் அந்த அம்மாள் கால் வைப்பார்.

"கண்ணாலத்துலகூட எம்பட ஊட்டுக்காரரு பின்னால நான் இப்பிடி நடக்கலீங்க" என்றார் அந்த அம்மாள், பாறையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுப்படி வாசலில் அவர் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்க வேண்டிய இடம் அது.

சாப்பிட்டார்கள். பாராட்டினார்கள். மண்ணைச் சாமி மாதிரிக் கும்பிடுகிறார் என்று ஒருவர் சொன்னார். மத்தியானம் பஸ் வந்தது. கூட்டிய தடத்தில் அவர்களை ஏற்றிவிட்டு, கடைசி ஆள் படியில் கால் வைத்த பிறகுதான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லியாக வேண்டும், அலுவலகத்தில் நானும் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. முதலில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனோம். அவர் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"இதுக்கா இத்தன வெசனம்? ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்குந்தான் ஒன்னு போச்சு. இன்னும் கெடைக்கல."

நான் தேடவில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நாள் பார்த்ததாகவும், பிறகு மழை வந்துவிட்டதாகவும் சொன்னார். நனைந்து போயிருக்கும் என்றார். நனைந்தால் வெடிக்காதா என்று கேட்டேன்.

"அது தெரியலீங்களே" என்று அடுத்த மொச்சையை எடுத்தார்.

திரும்பும்போதும் அவர்தான் எனக்கு முன்னால் நடந்தார். ஆனால் அவருடைய நடை மாறியிருந்தது. எப்போதும் புல் இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைக்கிறவர், புல் அடர்ந்த இடமாகப் பார்த்து வைத்தார்.

அலுவலகத்தில் சொன்னேன். அவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்து நீளக் கம்பால் ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, அவர் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். வழக்குக்காக அவர் சில முறை கீழே போய்வந்தார். சான்றிதழ்க் குழுவிலிருந்து அவரை நீக்கலாமா என்று பேச்சு எழுந்தது. விதிகளைப் புரட்டிப் பார்த்தோம். உரம் இருந்தது, மருந்து இருந்தது, விதை இருந்தது. வெடியைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. அவர் பெயர் அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் எனக்குச் சமவெளியில் வேறு வேலை கிடைத்தது. மலையை விட்டு இறங்குவதற்கு முன் கடைசிச் சோதனைக்கு அவருடைய தோட்டத்துக்குப் போனேன். பாறையில் அவர் மனைவி மட்டும் இருந்தார். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். அவர் எங்கே என்று கேட்டேன்.

"மிதிக்கப் போயிருக்காரு அம்மிணி."

அந்த நாளுக்குப் பிறகு தினமும் விடிந்ததும் இறங்கிவிடுகிறாராம். தோட்டத்தின் ஒரு மூலையில் தொடங்கி, குதிகாலும் விரலும் ஒட்ட, இடைவெளி விடாமல், சாண் சாணாக மிதிக்கிறாராம். தோட்டம் முடிந்ததும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் காட்டையும் மிதித்தாராம். காட்டுக்காரர் சிரித்துவிட்டு, மிதிச்சுக்கப்பா என்றாராம். அது முடிந்ததும் ஓடைத் தடம். இப்போது பெண்கள் விறகுக்குப் போகிற சரிவு.

"சாமை மொளைக்கல. அதுக்கு நான் அழுவல" என்றார். "சத்தம் வருதான்னு பொழுதுக்கும் கேட்டுக்கிட்டே இருக்கேன் பாருங்க, அதுதான். சோத்த எறக்கி வெச்சுட்டுக் காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கீழிருந்து அவர் வந்தார். மெலிந்திருந்தார். கம்பால் தட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். கம்புக்குக் கனம் கிடையாது, காலுக்குத்தான் ஆள் கனம் உண்டு என்றார். மாட்டையாவது ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்றேன்.

"மாடு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

எல்லையைச் சுற்ற வேண்டும் என்றேன். எழுந்து பாறை விளிம்பு வரைக்கும் வந்தார். வழக்கம்போல அவர் இறங்குவதற்காக நின்றேன். அவர் இறங்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

"போங்க அம்மிணி. இப்ப எங்க வேணுமின்னாலும் காலு வெக்கலாம். ஒரு சாண் உடாம மிதிச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. மிதித்திருக்கிறேன் என்றால் மிதித்திருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் பாறையின் விளிம்பில் என் கால் நின்றுவிட்டது. கீழே மண் வெளுத்து, மூடாக்கு இல்லாமல், வாசல் மாதிரிக் கிடந்தது. குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். நகம்கூட இறங்கவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை. அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை.

இறங்கினேன். ஓர் அடி. இன்னோர் அடி. முன்னால் முதுகு இல்லாமல் அந்தத் தோட்டம் மிகவும் பெரிதாக இருந்தது. ஆரஞ்சு மரத்தைத் தாண்டி, சாமை இருந்த அடுக்கைத் தாண்டி, மரவள்ளி ஓரம் வரைக்கும் போனேன். பின்னால் அவர் வருகிற சத்தம் கேட்டது. என்னுடைய ஓரடிக்கு அவருடைய பல அடிகள் கேட்டன. திரும்பிப் பார்த்தேன்.

என் காலடிகளுக்கு நடுவில் நான் மிதிக்காமல் விட்ட இடங்களை, குதிகாலும் விரலும் ஒட்ட, ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வந்தார்.